எவ்வளவு வாங்கினீங்க அண்ணே?

கிரிப்டோ காயினைக் கூவி விற்கும் இன்ஃப்ளூயன்சர்கள், அதற்காக வாங்கும் காசை வெளியில் சொல்ல வேண்டுமா?

2021 ஜூன் மாத நடுவில் ஒரு நாள். நம்மூரில் கொரோனா இரண்டாம் அலை இன்னும் முழுசாக அடங்கவில்லை. அமெரிக்காவில் ரியாலிட்டி ஷோ நட்சத்திரம் கிம் கர்தாஷியன் தன் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஒரு பதிவு போடுகிறார். கிரிப்டோவில் ஆர்வம் உண்டா என்று ரசிகர்களைக் கேட்கிறார். இது முதலீட்டு ஆலோசனை இல்லை, நண்பர்கள் சொன்னதைப் பகிர்கிறேன், அவ்வளவுதான் என்கிறார். எத்தீரியம்மேக்ஸ் என்ற டோக்கனின் பெயரைச் சொல்கிறார். கூடவே ஒரு லிங்க். அதைத் தட்டினால், டோக்கனை எப்படி வாங்குவது என்று வழிகாட்டும் இணையதளம் திறக்கும்.

அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 22.5 கோடிப் பேர். அந்த டோக்கன் பிறந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெயரைக் கேட்டால் எத்தீரியம் என்ற புகழ்பெற்ற கிரிப்டோவின் பங்காளி போலத் தெரியும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸ்டோரிக்கு ஆயுள் 24 மணி நேரம். மறுநாள் அது மறைந்துபோனது.

பதிவுக்கு அவர் வாங்கிய தொகை 2,50,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு டாலருக்கு 900 பேர். அதாவது, 73 ரூபாய்க்கு 900 ஜோடிக் கண்கள். இவ்வளவு மலிவாக உலகத்தில் வேறெந்தச் சந்தையிலும் கூட்டம் சேர்த்திருக்க முடியாது.

2022 அக்டோபரில், அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி. அமைப்பு அவர் மீது நடவடிக்கை எடுத்தது. வாங்கிய பணம், வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்குக் கிரிப்டோ பத்திரங்கள் எதையும் விளம்பரப்படுத்துவதில்லை என்றும் உறுதி கொடுத்தார். குற்றச்சாட்டை அவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். கர்தாஷியனின் பதிவில் ‘விளம்பரம்’ என்ற ஹேஷ்டேக் இருந்தது. விளம்பரம் என்று சொல்லித்தான் விளம்பரம் செய்தார். பிறகு எதற்கு அபராதம்?

யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதற்குத்தான்.

துண்டுக்குள் விரல்

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போர்த்துவார். உள்ளே விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்பவனுக்கு ஒரு சத்தமும் கேட்காது. அவர் தரகர் என்பது ஊருக்கே தெரியும். அதில் ஒளிவுமறைவு இல்லை. மறைந்திருப்பது தொகை மட்டுமே.

இன்ஃப்ளூயன்சர் விவகாரத்தில் உலகம் முழுக்க நடக்கும் சண்டை, துண்டை எடுப்பதா வேண்டாமா என்பதுதான். ‘பெய்டு பார்ட்னர்ஷிப்’ என்று மூலையில் சின்னதாகப் போட்டுவிட்டால் தரகர் என்று சொல்லியாயிற்று. தொகையைச் சொல்வது வேறு சங்கதி.

சோப்பு விளம்பரத்தில் நடிக்கும் நடிகை எத்தனை கோடி வாங்கினால் நமக்கென்ன? சோப்பு அழுக்கைப் போக்கினால் போதும். அவருடைய சம்பளத்தால் நம் வீட்டுச் சோப்பு கரையப்போவதில்லை. காயின் அப்படியில்லை. அதன் விலையே எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பல ஒப்பந்தங்களில் இன்ஃப்ளூயன்சருக்குக் கூலியே அந்தக் காயின்தான். கையில் இருக்கும் காயின் காசாக வேண்டுமென்றால் யாராவது வாங்க வேண்டும். அந்த யாராவது, வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள்.

ஆகவே காயின் விஷயத்தில் எவ்வளவு வாங்கினார், ரொக்கமாகவா காயினாகவா, காயின் என்றால் எப்போது விற்பார் என்ற கேள்விகள் வம்புப் பேச்சு ஆகாது. பொருளின் தரத்தைப் பற்றிய கேள்விகளே அவை.

பெட்டிச் செய்தி: பதிவுக்கு என்ன விலை?

• ஜான் மெக்காஃபி: ஆன்டிவைரஸ் புகழ். ஒரு ட்வீட்டுக்கு 1,05,000 டாலர் வாங்குவதாக 2018இல் அவரே சொல்லிக்கொண்டார். காயின்களை உயர்த்திப் பேச 2.3 கோடி டாலருக்கு மேல் வாங்கி, அதை மறைத்தார் என்று 2020இல் எஸ்.இ.சி. வழக்குப் போட்டது. 2021 ஜூனில் பார்சிலோனா அருகே சிறையில் இறந்தார்.

• ஃப்ளாய்ட் மேவெதர்: குத்துச்சண்டை வீரர். சென்ட்ரா டெக் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களிடம் 3 லட்சம் டாலர். 2018இல் அதைத் திருப்பிக் கொடுத்து, அதே அளவு அபராதமும் கட்டினார். சென்ட்ரா டெக்கின் நிறுவனர் ஒருவருக்குப் பிறகு 8 ஆண்டு சிறை.

• ஸ்டீவன் சீகல்: ஹாலிவுட் சண்டை நடிகர். 2.5 லட்சம் டாலர் ரொக்கம், 7.5 லட்சம் டாலர் மதிப்புள்ள காயின் தருவதாகப் பேச்சு. 2020இல் சிக்கினார்.

• பால் பியர்ஸ்: கூடைப்பந்து வீரர். எத்தீரியம்மேக்ஸ் டோக்கனாகவே 2.44 லட்சம் டாலர் மதிப்புக்குக் கூலி. 2023இல் 14 லட்சம் டாலர் கட்டினார்.

முதல் இன்ஃப்ளூயன்சர்கள் யார்?

கர்தாஷியனைப் பிடித்த சட்டப்பிரிவுக்கு வயது 90ஐத் தாண்டிவிட்டது. 1933ஆம் ஆண்டின் அமெரிக்கப் பத்திரங்கள் சட்டத்தில் 17(பி) பிரிவு. காசு வாங்கிக்கொண்டு, பங்கு போன்ற ஒரு பத்திரத்தைப் பற்றி எழுதுகிறவர், காசு வாங்கியதையும் தொகையையும் சொல்லியாக வேண்டும் என்கிறது அது.

யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது தெரியுமா? எங்களைத்தான். 1929இல் பங்குச் சந்தை சரிந்த பிறகு, 1932இல் நியூயார்க் எம்.பி. ஃபியோரெல்லோ லா கார்டியா, செனட் குழுவின் முன்னால் ஒரு பெட்டி நிறைய ஆதாரங்களைக் கொண்டுவந்து வைத்தார். பங்குகளை உயர்த்தி எழுதுவதற்காகப் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளம்பரத் தரகர் கொடுத்த காசோலைகள் அதில் இருந்தன. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் தொழிலை ஆரம்பித்துவைத்தவர்கள் நிருபர்கள். பிரஸ் மீட் முடிந்ததும் ‘கவர்’ கைமாறுவதைப் பார்த்திருக்கும் நான், யூடியூபர்களைப் பார்த்து ரொம்பவும் சத்தம் போட முடியாது என்ற கூச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பின்னால் நிற்பவன்

சரி, சொல்லாமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

இந்தியாவில் பிறந்து உலகம் சுற்றிய பிட்கனெக்டைப் பாருங்கள். சூரத்தைச் சேர்ந்தவர் தொடங்கியது. 2018 ஜனவரியில் அது கவிழ்ந்தபோது, மொத்த மோசடி 240 கோடி டாலர் என்றது அமெரிக்க அரசு. அந்தப் பணம் தானாக வந்து விழவில்லை. தினமும் வீடியோ போட்டு, தன் கணக்கில் ஏறும் லாபத்தைக் காட்டி, ரெஃபரல் லிங்க் கொடுத்து ஆள் சேர்த்த யூடியூபர்கள் வழியாக வந்தது. ஆள் சேர்த்த ஒவ்வொருவருக்கும் கமிஷன். அமெரிக்காவில் தலைமை விளம்பரதாரராக இருந்தவருக்கு 38 மாதச் சிறை கிடைத்தது.

யூடியூபர்களின் வக்கீல்கள் ஒரு சாமர்த்தியமான வாதம் வைத்தார்கள். ‘நாங்கள் யாருக்கும் நேரில் விற்கவில்லை; பொதுவாகப் பேசினோம், கேட்டவர்கள் வாங்கினார்கள்.’ 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் 11ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவருக்குக் கடிதம் எழுதி விற்றால் பொறுப்பு, லட்சம் பேருக்கு வீடியோ போட்டு விற்றால் பொறுப்பில்லையா என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ‘நான் பொதுவாத்தான் சொன்னேன்’ என்று நம்மூர் சேனல்களிலும் அடிக்கடி கேட்கிறோம் இல்லையா?

விலை எப்படி நகர்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 180 கிரிப்டோ இன்ஃப்ளூயன்சர்களின் 36,000 ட்வீட்களை எடுத்து, அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். ட்வீட் வந்த நாளில் காயின் விலை சற்றே ஏறுகிறது. சில நாள்களில் இறங்கத் தொடங்குகிறது. மாதம் முடிவதற்குள், ஏறியதைவிட அதிகமாக விழுந்துவிடுகிறது. சொன்னவர் காலையில் வாங்கி மாலையில் விற்றிருந்தால் லாபம். நம்பி வைத்திருந்தவர் கையில் நஷ்டம்.

எங்கள் தாம்பரம் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவருக்கு நடந்ததும் இதுதான். சீட்டு எடுத்த பணத்தில் 40,000 ரூபாயை, இணையக் கேலியையும் பிரபலத்தையும் வைத்து உருவாகும் ‘மீம் காயின்’ ஒன்றில் போட்டார். ஒரு தமிழ் சேனலின் வீடியோவிலும் அதன் டெலிகிராம் குரூப்பிலும் கிடைத்த தகவல். மூன்று நாள் ஏறியது. நான்காம் நாள் காலையில் 3,000 ரூபாய்கூட இல்லை.

“அவரு ஏமாத்துவாருன்னு தோணவே இல்லண்ணே” என்றார். “பின்னாடி சாமி படம் தெரியுற மாதிரி உக்காந்து பேசுவாரு. நம்ம வீட்டு ஆளு மாதிரி.”

“விளம்பரம்னு சொன்னாரா?”

“கடைசியில ஏதோ இங்கிலீஷ்ல வேகமா ஓடுச்சுண்ணே.”

பெட்டிச் செய்தி: குரூப்பில் புழங்கும் சொற்கள்

• ஷில்: காசு வாங்கிக்கொண்டோ கையில் சரக்கை வைத்துக்கொண்டோ காயினை உயர்த்திப் பேசுவது.

• பம்ப் அண்ட் டம்ப்: சத்தம் போட்டு விலையை ஏற்றி, உச்சத்தில் நம் தலையில் கட்டிவிட்டு நழுவுவது.

• ரக் புல்: உட்கார்ந்திருக்கும் ஜமக்காளத்தையே உருவிக்கொண்டு, காயினை உருவாக்கியவரே ஓடிவிடுவது.

• எக்ஸிட் லிக்விடிட்டி: முன்னால் நுழைந்தவர்கள் வெளியேறுவதற்காகப் பின்னால் வந்து பணம் போடுகிறவர்கள். இந்தப் பட்டத்துக்கு யாரும் விண்ணப்பிப்பதில்லை, தானாகக் கிடைக்கும்.

இங்கே என்ன சட்டம்?

‘இந்தியாவில் கேட்பார் இல்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. கேட்பார் உண்டு. ஆளுக்கொரு மூலையில் நின்று கேட்கிறார்கள்.

2021இல் ஐ.பி.எல்., டி20 உலகக் கோப்பை ஒளிபரப்புகளில் ஓவருக்கு ஓவர் கிரிப்டோ விளம்பரம் ஓடியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி, 2022 ஏப்ரல் 1 முதல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. கிரிப்டோவும் என்.எஃப்.டி. என்ற டிஜிட்டல் டோக்கன்களும் ஒழுங்குமுறைக்கு உட்படாதவை, ஆபத்து மிகுந்தவை, நஷ்டப்பட்டால் முறையிட இடம் இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை கட்டாயம். ‘கரன்சி’ என்ற சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தவே கூடாது. நல்ல விதிகள். ஆனால், ஆஸ்கிக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் கிடையாது.

அதிகாரம் இருப்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50 லட்சம் வரை. விளம்பரங்களில் தோன்ற ஓராண்டுத் தடை, திரும்பச் செய்தால் மூன்றாண்டு. காசோ, பரிசோ, இலவசப் பயணமோ பெற்றிருந்தால் அதை இன்ஃப்ளூயன்சர் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் வழிகாட்டுதலும் வந்தது. வீடியோ என்றால், கீழே உள்ள விவரக்குறிப்பில் ஒளித்துவைத்தால் போதாது. வீடியோவுக்குள்ளேயே எழுத்திலும் குரலிலும் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் புதைக்கக் கூடாது. ரீசார்ஜ் கடைத் தம்பி பார்த்த வீடியோ இதில் எதையும் மதித்ததாகத் தெரியவில்லை.

இந்த வழிகாட்டுதலிலும் தொகையைச் சொல்லும் கட்டாயம் கிடையாது. ‘விளம்பரம்’ என்ற ஒற்றைச் சொல் போதும்.

பங்குச் சந்தைக்கு செபி இருக்கிறது. பதிவு பெறாமல் பங்கு டிப்ஸ் கொடுத்து விற்ற ஃபின்ஃப்ளூயன்சர்களை அது விரட்டிப் பிடிக்கிறது. பாடம் நடத்துகிறேன் என்று சொல்பவர்கள்கூட மூன்று மாதம் பழைய விலையைத்தான் காட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. இதனால் என்ன ஆகிறது? பங்கைப் பற்றிப் பேசினால் செபி வரும் என்று பயப்படுகிறவருக்கு, செபியின் வேலிக்கு வெளியே இருக்கும் கிரிப்டோ வசதியான மேய்ச்சல் நிலமாகிறது.

வருமான வரித் துறை மட்டும் உஷார். 2022 ஜூலை 1 முதல், ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ இன்ஃப்ளூயன்சருக்குக் கொடுத்தால், கொடுப்பவர் 10 சதவீத டி.டி.எஸ். கட்ட வேண்டும். அதே நாளில்தான் கிரிப்டோ விற்பனைக்கு 1 சதவீத டி.டி.எஸ். அமலுக்கு வந்தது. லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் பட்ட நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அதாவது, சேனல்காரருக்கு என்ன கிடைத்தது என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அவர் பேச்சைக் கேட்டுப் பணம் போட்டவருக்கு இல்லை.

இதற்கு நடுவே நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான வார்த்தையைச் சொல்லியிருக்கிறது. சென்னை முதலீட்டாளர் ஒருவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி. காயின்கள் வாங்கினார். அந்த ஜூலையில் வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்ச் ஹேக் செய்யப்பட்டபோது அவர் கணக்கும் முடங்கியது. 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்து என்று தீர்ப்பளித்தார். சொத்து என்றாகிவிட்டால், அதைக் கூவி விற்பவருக்கும் வீட்டு மனை விற்பவருக்கு உள்ள பொறுப்பாவது வேண்டாமா என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

சொல்லிவிட்டால் போதுமா?

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதம் ஒன்று உண்டு. சேனல்காரர்கள் சொல்லும் ‘எங்கள் தனிப்பட்ட வருமானம்’ என்ற வாதத்தைச் சொல்லவில்லை, அது நிற்காது. நான் சொல்வது, 2005இல் டேலியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், டான் மூர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டது.

ஒரு ஜாடி நிறைய நாணயங்கள். உள்ளே எவ்வளவு பணம் என்று ஒருவர் மதிப்பிட வேண்டும். ஜாடியை நன்றாகப் பார்த்த இன்னொருவர் அவருக்கு ஆலோசனை சொல்வார். ஆலோசகருக்குக் கூலி, மற்றவர் எவ்வளவு அதிகமாக மதிப்பிடுகிறாரோ அதைப் பொறுத்து. இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆலோசகர் அடக்கி வாசித்தாரா? இல்லை, இன்னும் கூட்டிச் சொன்னார். ‘அதான் சொல்லிட்டோமே’ என்ற தைரியம். கேட்டவரும் போதிய அளவு சந்தேகப்படவில்லை. கடைசியில் சொல்லாமல் விட்டபோது இழந்ததைவிட, சொன்னபோது அதிகம் இழந்தார்.

ஜாடிக்கு வெளியிலும் இதைப் பார்க்கலாம். 2025 ஜனவரியில், பதவியேற்புக்கு மூன்று நாள் முன்பு டிரம்ப் பெயரில் மீம் காயின் வந்தது. மொத்தக் காயினில் 80 சதவீதம் அவர் தரப்பு நிறுவனங்களிடம் என்று அதன் இணையதளமே சொன்னது. கூட்டம் குறையவில்லை.

ஆனாலும் நான் ‘சொல்ல வேண்டும்’ கட்சிதான். ஜாடிச் சோதனையில் தோற்றது மொட்டையான ஓர் அறிவிப்பு. ‘இது விளம்பரம்’ என்பதைக் கேட்டுக் கேட்டு நம் காது மரத்துவிட்டது. ‘இந்தக் காயினில் 18 லட்சம் ரூபாய்க்கு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள், நாளை முதல் விற்கலாம் என்று ஒப்பந்தம்’ என்று ஒருவர் தமிழில், நிறுத்தி நிதானமாக, வீடியோவின் முதல் நிமிடத்தில் சொல்லிப் பார்க்கட்டும். எத்தனை பேர் லிங்க்கைத் தட்டுவார்கள் என்று அவருக்கே தெரியும். தெரிவதால்தான் சொல்வதில்லை.

எந்த அளவுக்குச் சொல்வதில்லை? ஸாக்எக்ஸ்பிடி என்ற புனைபெயரில் இயங்கும் கிரிப்டோ துப்பறிவாளர், 2025 செப்டம்பரில் ஒரு விலைப்பட்டியலை வெளியிட்டார். 200க்கும் மேற்பட்ட இன்ஃப்ளூயன்சர் கணக்குகள், பதிவுக்கு இவ்வளவு என்று விலை, பணம் அனுப்ப வேண்டிய வாலட் முகவரி. ஒரு காயினுக்காக ஒப்புக்கொண்ட 160க்கும் மேற்பட்ட கணக்குகளில், விளம்பரம் என்று குறிப்பிட்டவை ஐந்துகூட இல்லை என்றார் அவர்.

கதவு சாத்தப்படுகிறதா?

அமெரிக்காவில் காற்று திசை மாறிவிட்டது. 2025 பிப்ரவரி 14 அன்று அர்ஜென்டினா அதிபர் ஹாவியர் மிலே, லிப்ரா என்ற காயினைப் புகழ்ந்து எக்ஸ் தளத்தில் எழுதினார். சில மணி நேரத்தில் அதன் மொத்த மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டி, அதே வேகத்தில் தரைக்கு வந்தது. விவரம் முழுதாகத் தெரியாது என்று சொல்லிப் பதிவை நீக்கினார். இரண்டே வாரத்தில், பிப்ரவரி 27 அன்று, எஸ்.இ.சி. அதிகாரிகள் ஓர் அறிக்கை விட்டார்கள்: மீம் காயின்கள் பொதுவாகப் ‘பத்திரங்கள்’ என்ற வரையறைக்குள் வராது.

வறண்ட சட்ட வாசகம்தான். விளைவு வறண்டதில்லை. பத்திரம் இல்லை என்றால் 17(பி) பாயாது. 17(பி) பாயாவிட்டால் தொகையைச் சொல்லும் கட்டாயம் இல்லை. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் (எஃப்.டி.சி.) பொதுவான ‘விளம்பரம் என்று குறிப்பிடு’ விதி மட்டும் மிஞ்சும். லா கார்டியாவின் பெட்டியிலிருந்து பிறந்த பாதுகாப்பு, ஆபத்து அதிகமுள்ள சரக்குக்கே இல்லாமல் போகிறது.

வேறு இடங்களில் வேறு வழி. சிங்கப்பூர் 2022 ஜனவரியிலேயே, இன்ஃப்ளூயன்சர்களை வைத்துப் பொதுமக்களிடம் கிரிப்டோ சேவையைக் கூவ வேண்டாம் என்று நிறுவனங்களிடம் சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2023 அக்டோபர் முதல், அனுமதி இல்லாத கிரிப்டோ விளம்பரத்துக்கு இரண்டாண்டு வரை சிறை. பிரான்ஸ் 2021இல் ஒரு ரியாலிட்டி ஷோ நட்சத்திரத்திடம், காசு வாங்கியதைச் சொல்லாமல் பிட்காயின் தளத்தைப் புகழ்ந்ததற்கு 20,000 யூரோ வசூலித்தது. இந்தியாவுக்கு இவற்றில் எதையும் நகலெடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நுகர்வோர் ஆணையத்தின் வழிகாட்டுதலில் ‘யார், எவ்வளவு, எந்த வடிவில்’ என்று ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று. வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் விவரத்தில் பாதிதான் அது.

கட்டுரையை முடிக்கும் முன் ரீசார்ஜ் கடைப் பக்கம் மறுபடி போனேன். தம்பி கல்லாவுக்குக் கீழே இருந்த போனை எடுத்துக் காட்டினார். நாங்கள் பேசிய அன்றைக்கு ராத்திரியே, குரூப்பில் அவர் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறார்: ‘அண்ணே, இந்தக் காயினுக்கு நீங்க எவ்வளவு வாங்கினீங்க?’

மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். ஏழு நிமிடத்தில் குரூப்பிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள்.